சிஸ்டம் மேடம் சொன்னது

இதை எழுத உட்கார்ந்து எத்தனை முறை எழுந்துபோனேன் என்று எனக்கே தெரியாது. நாலு வருடமாக ஒரு நோட்டில் முதல் வரியை எழுதுவேன், தாளைக் கிழிப்பேன். பத்தாவதைத் தாண்டாதவனுக்கு எழுத்து எங்கே வரும் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். எழுத்து தட்டுத்தடுமாறியாவது வந்திருக்கும், துணிச்சல்தான் வரவில்லை. போன கார்த்திகையோடு வேலையிலிருந்து நின்றுவிட்டேன். மகளும் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். இனி என்னிடமிருந்து யாரும் பிடுங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் வாயைத் திறக்கிறேன். படிக்கிறவர்கள் அதையும் என் குற்றத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர், சிஸ்டம் மேடம் என்று நாங்கள் கூப்பிட்டவர், அவரை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் அந்த வாளியில் பாதி தண்ணீர் பிடித்துக் கம்ப்யூட்டர் அறை வாசலில் வைப்பது என் வேலை. சிஸ்டம் மேடம் உள்ளேயிருந்து பழைய தாள்களைக் கொண்டுவருவார். நகத்தளவுக்குக் கிழித்துக் கிழித்துத் தண்ணீரில் போடுவார். அரை மணி நேரம் ஊறவிட்டு ஒரு குச்சியால் கலக்குவார். இட்லி மாவு பதத்துக்கு வந்ததும், கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடியில் கொட்டிவிடச் சொல்லி வாளியை என்னிடம் தருவார். ஒருநாள் கேட்டேவிட்டேன். பழைய தாள் இனிமேல் செல்லாது என்கிறீர்கள், செல்லாததை எதற்கு இப்படி மெனக்கெட்டு ஊறவைக்க வேண்டும் என்று. குச்சியை நிறுத்தாமல் சொன்னார்: "இன்னிக்கு செல்லாதுன்னு ஞாபகமா இருக்கேன். ஒருநாள் நான் மறந்துட்டா? பழக்கம்னா எல்லா நாளும் பழக்கம்தான் அண்ணா."

திருப்பதியில் ஊருக்குச் சற்று வெளியே இருந்த ஒரு நர்சிங் கல்லூரியில் நான் அட்டெண்டராக இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் நகரி. வீட்டில் எல்லோரும் தறிக்காரர்கள். எனக்கு மட்டும் பவர்லூம் சத்தம் காதுக்கு ஒத்துக்கொள்ளாமல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன். கல்லூரியில் மணியடிப்பது, பிரின்சிபால் அம்மாவின் அறையைத் திறந்து துடைப்பது, அந்த அறையிலிருந்த இரும்பு பீரோவின் சாவியை வைத்துக்கொள்வது என் பொறுப்பு. என் மகள் அங்கேயே படித்துக்கொண்டிருந்தாள். ஊழியர் பிள்ளை என்று கொடுத்த சீட். நான் வேலையில் இருக்கும்வரைதான் அந்தச் சீட்டும்.

கொரோனா அடங்கிக் கல்லூரியைத் திறந்தபோது பாடங்களையெல்லாம் ஒரு வெப்சைட்டில் போடத் தொடங்கினார்கள். எல்.எம்.எஸ். என்று அதற்குப் பெயர். மாணவி தன் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே போனால் அன்றைய பாடம், ஊசி போடும் முறையைக் காட்டும் வீடியோ, பரீட்சை, நோயாளியைப் பார்த்து அவள் எழுதி அனுப்ப வேண்டிய கேஸ் ஷீட், எல்லாம் அங்கேயே இருக்கும். ஆனால் வீடியோக்களும் மாணவிகள் அனுப்பும் எழுத்தும் எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டரில் இல்லை. அவ்வளவுக்கு இங்கே இடம் ஏது? வெளியே ஒரு கம்பெனியின் கிளவுடில் அவற்றை வாடகைக்கு வைத்திருந்தார்கள். ஆன்லைன் வகுப்பு இன்னொரு கம்பெனி, பரீட்சை வேறொரு கம்பெனி. இவை எல்லாவற்றையும் எங்கள் சைட்டோடு இணைத்து, நடுவில் வேறு ஆள் நுழையாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் சிஸ்டம் மேடத்தை வேலைக்கு எடுத்தார்கள்.

அவருக்கு அப்போது முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சித்தூர் பக்கம் எல்லையோரக் கிராமம். அவருடைய அப்பா, எங்கள் பேச்சில் நைனா, நிலக்கடலை வயலில் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்தாராம். மற்றவர்களிடம் சரளமாகத் தெலுங்கு பேசுவார். என்னிடம் மட்டும் தமிழ். அந்தக் கட்டடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு ஒட்டுதல். மதியம் டப்பாவைத் திறந்தால் கேழ்வரகுக் களியில் முதல் பிடி என் பக்கம்தான் வரும். "ராகி சங்கட்டி அண்ணா, துன்னுங்க. உங்க வீட்ல இதெல்லாம் செய்ய மாட்டாங்க, பெரிய தறிக்காரங்க" என்று சீண்டுவார். தினமும் காலையில் வந்ததும் மாடி ஜன்னலோரம் நின்று மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உட்காருவார். நான் வெள்ளிக்கிழமைதோறும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்பேன். மினுக்மினுக்கென்று எரியும் அந்த நெட் பெட்டிக்கும் வைத்தேன். பார்த்துவிட்டுக் கோபப்படவில்லை. காற்று போகிற ஓட்டையில் மட்டும் வைக்காதீர்கள், அதற்கு மூச்சு முட்டும் என்றார். பொட்டு வைக்க வேண்டிய இடத்தை அவரே விரல் வைத்துக் காட்டினார். மறு வெள்ளிக்கிழமை நான் மறந்துபோனபோது, "இன்னா அண்ணா, இன்னிக்கு பெட்டிய மூளியா விட்டுட்டீங்க?" என்று கேட்டதும் அவர்தான்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆனால் ஒன்றும் அச்சாகி வெளியே வருவதில்லை. ஒருநாள் நானாகக் கேட்டதற்கு அவர் திருப்பிக் கேட்டார்.

"மலைக்குப் போறப்ப தரிசன டோக்கன் வாங்கறீங்களே, அதுல இன்னா இருக்குது?"

"தேதி, மணி, ஆளு பேரு."

"அத காட்டி மடப்பள்ளிக்குள்ள பூந்துட முடியுமா?"

"எப்படி மேடம் வுடுவாங்க?"

"அதையே நாளைக்கு கொண்டும்போனா?"

"அது முடிஞ்சுபோன டோக்கன்."

"அவ்ளோதான் என் வேலை. நம்ம சைட் வீடியோ கேக்கப் போவும்போது கையில ஒரு டோக்கன் குடுத்து அனுப்பறேன். பாக்கற டோக்கன்ல பாக்கத்தான் முடியும். அழிக்க முடியாது. பரீட்சைக்கு தனி, கிளாஸுக்கு தனி. மாசம் ஆனா எல்லாத்தையும் செல்லாம ஆக்கிட்டு புதுசு. பழச கையால எழுதி வெச்ச தாளத்தான் வாளியில ஊறவைக்கறேன்."

அதற்கப்புறம் எனக்கு அவருடைய வேலை மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. என் மகளும் அவளைப் போன்ற பிள்ளைகளும் எழுதப்போவது பத்திரமாக இருக்க ஒருவர் இப்படி மாதாமாதம் டோக்கன் மாற்றிக்கொண்டிருக்கிறார் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

எல்லா டோக்கனுக்கும் மேலே ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோய், மேடமும் ஊரில் இல்லாத ஒரு நிலைமை வந்தால், அதை வைத்துக் கிளவுடுக்குள் நேராகப் போய் எல்லாவற்றையும் சரி செய்யலாம். சரி செய்யலாம் என்றால் அழிக்கவும் செய்யலாம். அதைக் கம்ப்யூட்டரில் எங்கும் வைக்கக் கூடாது என்பது அவர் முறை. ஒரே ஒரு தாளில் அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின்மேல் டேப் போட்டு என்னிடம் கொடுத்தார். பிரின்சிபால் அம்மா எதிரில் இருக்கும்போது மட்டும்தான் பிரிக்க வேண்டும் என்றார். நான் அதை பீரோவின் மேல் தட்டில், கல்லூரி அங்கீகாரப் பத்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். அன்று வியாழக்கிழமை.

அதுவரை சில மாதம் சோதனையாக ஓடிக்கொண்டிருந்த சைட்டை மாணவிகளுக்குத் திறந்துவிட, மறுநாள் வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம் என்று கரஸ்பாண்டென்ட் ஐயா சித்தூரில் ஒரு மண்டபத்தில் திறப்பு விழா வைத்திருந்தார். கல்லூரியை நடத்தும் டிரஸ்டுக்கு அவர்தான் தலை. பெற்றோர்கள் எல்லோர் முன்னாலும், பெரிய திரையில், கிளவுடுக்குள் இருப்பதை அவர் கையாலேயே திறந்து காட்ட வேண்டுமாம். அந்த மேல் டோக்கன் எங்கள் கல்லூரி நெட்டிலிருந்து வந்தால் மட்டும் திறக்கும்படி மேடம் ஏற்கெனவே கட்டிவைத்திருந்தார். வெளி நெட்டிலிருந்து யார் கொண்டுபோனாலும் கதவு திறக்காது. மண்டபத்துக்காக அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ஐயா கேட்கவில்லை. "திங்கக்கிழமை வந்ததும் முதல் வேலையா கட்டிடறேன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வேனில் ஏறினார். விழா நன்றாக நடந்தது. கைதட்டினார்கள். பிரின்சிபால் அம்மா எதிரில் பிரித்துக் கொண்டுபோன உறையை மேடம் திரும்ப டேப் போட்டு ஒட்டி அன்று மாலை என்னிடம் கொடுத்தார், பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இனி வருவது என் பங்கு.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது தொடங்கினாலும் அதன் முதல் காகிதத்தைக் காணிப்பாக்கம் கொண்டுபோய் வரசித்தி விநாயகர் முன்னால் வைத்து எடுப்போம். தறி வாங்கினபோது அதன் பில், மகளுக்குச் சீட் கிடைத்தபோது அந்தக் கடிதம், எல்லாம் அங்கே போய் வந்தவை. மூடிவைத்ததைச் சாமி முன்னால் வைக்க மாட்டோம். கல்யாணப் பத்திரிகையானாலும் உறையிலிருந்து எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, விரித்துத்தான் வைப்போம். மறைத்துக் கொடுத்தால் சாமி எதை ஆசீர்வதிப்பார் என்பது என் நைனாவின் பேச்சு. மேடம் இத்தனை பாடுபட்டு உண்டாக்கினதற்கு யாரும் ஒரு தேங்காய் உடைக்கவில்லையே, மண்டபத்தில் ரிப்பன் வெட்டினதோடு முடித்துவிட்டார்களே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. சனிக்கிழமை காலை பிரின்சிபால் அம்மாவின் அறையைத் துடைத்துவிட்டு, பீரோவைத் திறந்து, அந்த உறையை என் பையில் வைத்துக்கொண்டு காணிப்பாக்கம் பஸ் ஏறினேன். பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே போனேன். பத்திரமாகத்தான் கொண்டுபோகிறேன் என்று நினைத்தேன்.

கோயில் வாசலில் டேப்பைப் பிரித்தேன். தாளில் இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் கலந்து நாலு வரி. எனக்குப் படிக்க வரவில்லை. யாருக்கும் வராது என்று எண்ணிக்கொண்டேன். மஞ்சள் தடவி உள்ளே கொண்டுபோனேன். குருக்கள் வாங்கிச் சாமி பாதத்தில் வைத்து, அருகம்புல்லோடு திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வெளியே வந்ததும் மண்டபப் படியில் தாளை விரித்து, தேங்காய் மூடியையும் அருகம்புல்லையும் அதன்மேல் வைத்து ஒரு போட்டோ எடுத்தேன். எங்கள் சனிக்கிழமை பஜனை வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். நகரி, புத்தூர், சித்தூர் என்று இருநூறு பேருக்கு மேல் இருந்த குழு. எங்கள் கல்லூரியின் புதுப் படிப்பு விநாயகர் அருளோடு தொடங்கியது என்று கீழே எழுதினேன். கை கூப்பின பொம்மைகள் வரிசையாக வந்தன. நல்ல படம் என்று நாலு பேர் தங்கள் குழுக்களுக்கும் அனுப்பினார்கள். சாயங்காலம் கல்லூரிக்குத் திரும்பி, உறையை வேறு டேப் போட்டு ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை சைட்டில் வீடியோ ஒன்றும் இல்லை. தொடங்கின அந்த மூன்று நாளில் மாணவிகள் எழுதி அனுப்பியிருந்த கேஸ் ஷீட்டும் இல்லை. உள்ளே புகுந்தவன் யார், எந்த ஊர், எதற்குச் செய்தான் என்று இன்றுவரை தெரியாது. மேடம் யாரையும் எதுவும் கேட்கவில்லை. முதலில் உட்கார்ந்து எல்லா டோக்கனையும் செல்லாமல் ஆக்கினார். எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அப்புறம் பீரோவிலிருந்து உறையைக் கொண்டுவரச் சொன்னார். பிரின்சிபால் அம்மா இன்னும் வந்திருக்கவில்லை.

அவர் பிரித்தபோதே மஞ்சள் வாசனை வந்தது. தாளின் நாலு மூலையும் மஞ்சள். மடிப்புக்குள் ஒரு அருகம்புல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிய்த்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சாமிகிட்ட வெச்சீங்களா அண்ணா?"

தலையை ஆட்டினேன்.

"போட்டோ எடுத்தீங்களா?"

போனை எடுத்து நீட்டினேன். பார்த்தார். அந்தக் கை கூப்பின பொம்மைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே கடைசிவரை பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். திட்டவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார். "வாளியில தண்ணி புடிச்சிகினு வாங்க" என்றார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை இல்லை அன்று. இருந்தாலும் அந்தத் தாளை வழக்கம்போல நகத்தளவுக்குக் கிழித்து ஊறப்போட்டார். மஞ்சள் கரைந்து தண்ணீர் நிறம் மாறியது. பழக்கத்தினால் செய்தாரா, என்னைக் காப்பாற்றச் செய்தாரா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியபோது அவர் இல்லை.

பாட வீடியோக்களுக்குத் தனியாக ஒரு நகல் வைத்திருந்தார் மேடம். இரண்டே நாளில் எல்லாம் திரும்பி வந்தது. மூன்று நாள் கேஸ் ஷீட் மட்டும் வரவில்லை. பிள்ளைகள் திரும்ப எழுத வேண்டியிருந்தது. கரஸ்பாண்டென்ட் ஐயாவுக்கு அதைவிட, ஊரெல்லாம் கைதட்டின மூன்றாம் நாளே இப்படி ஆனதுதான் பெரிசு. வேறு கல்லூரிக்காரன் யாருக்கோ இங்கிருந்து யாரோ விற்றிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். கம்ப்யூட்டர் அறைக்கும் பீரோவுக்கும் போக வர இருக்கிற ஏழு பேரையும் நிறுத்தி, மறுநாள் காலை குளித்துவிட்டு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். "அந்தரூ காணிபாக்கம் ரண்டி. ப்ரமாணம் செய்யண்டி." எல்லோரும் வந்து சாமி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் இது சாதாரணப் பேச்சு இல்லை. கோர்ட்டில் பொய் சொல்கிறவன்கூட அந்தச் சந்நிதியில் சொல்ல மாட்டான்.

மறுநாள் காலை குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு கிளம்பினேன். எந்தப் பாதத்தில் அந்தத் தாளை வைத்தேனோ அதே பாதத்தின் முன்னால் நின்று எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? தெரியும் என்று சொன்னால் அன்றைக்கே வேலை போகும். மகளுக்குப் படிப்பு முடிய ஆறு மாதம் இருந்தது. கல்லூரி வாசலில் வேன் நின்றது. ஒவ்வொருவராக ஏறினார்கள். நான் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். அப்போதுதான் மேடம் வந்து ஐயாவின் எதிரில் நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ப்ரமாணம் வத்து சார். பாத்யத நாதி."

சத்தியம் வேண்டாம், பொறுப்பு என்னுடையது. இவ்வளவுதான். ஐயா திரும்பக் கேட்டார். அவர் அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னார். ஐயா டிரைவரிடம் வேனை எடுக்க வேண்டாம் என்றார். யாரோ ஒருவர் எனக்குப் பின்னால் "அட, இவங்கதானா" என்று முணுமுணுத்தார். நான் அந்தக் காலைப் படியிலிருந்து கீழே எடுத்து வைத்தேன்.

வண்டிகள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் மேடம் என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அங்க போனா நீங்க உண்மையத்தான் சொல்லுவீங்க அண்ணா. எனக்குத் தெரியும். உங்களால வேற சொல்ல முடியாது. பாப்பாவுக்கு இன்னும் ஆறு மாசம் கீது." ஹெல்மெட்டை மறு கைக்கு மாற்றினார். "கட்ட அவுத்து வெச்சவ நான்தானே? நான் ஒண்ணும் பொய் சொல்லல."

நான் மறுபடி வாயெடுத்தேன். வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டினார். ஒரு பெண்ணின் கை அது, விலக்கிவிட்டுப் போயிருக்கலாம். நான் அதைச் சுவர் என்று வைத்துக்கொண்டேன். அவர் கட்டை அவிழ்த்ததும் தப்புதானே என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் என்னைத் தேற்றிக்கொண்டேன். அவர் அவிழ்த்தது மேலிடம் சொல்லி. நான் அவிழ்த்தது யாரும் சொல்லாமல்.

அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். போகும் முன் அவர் கடைசியாகச் செய்த வேலை எனக்கு மறக்காது. புதிதாக மேல் டோக்கன் ஒன்று உண்டாக்கி, கட்டையும் திரும்பப் போட்டுவிட்டு, பிரின்சிபால் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, கடைசி பாஸ்வேர்டை அவர் கையாலேயே அடிக்கச் சொன்னார். தான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அடித்து முடித்ததும், "இனிமே நானே நெனச்சாலும் உள்ள வர முடியாது" என்றார், என்னவோ நல்லபடியாக முடித்த வேலையைப் பற்றிச் சொல்வதுபோல. மாடி ஜன்னலோரம் நின்று மலையைக் கும்பிட்டார். என்னைப் பார்த்து, வெள்ளிக்கிழமை பொட்டை மறந்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த வாரத்தில் ஒருநாள் மகள் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு கேஸ் ஷீட்டு திரும்ப எழுதிக்கினு இருக்கேன் நைனா. அந்த மேடம் பணம் வாங்கிக்கினு வித்துட்டாங்களாமே. நீ இன்னா அவங்கள அப்படி மெச்சிக்கினு இருந்த." சோற்றில் கையை வைத்தவன் வைத்தபடி இருந்தேன். சாம்பார் ஆறிப்போகுதே என்று அவள் சொன்ன பிறகு சாப்பிட்டேன். அன்று நான் சாப்பிட்ட சோறு அது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

ஆறு மாதம் போனதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஆறு மாதம் போயிற்று. மகளின் சர்டிபிகேட் கைக்கு வரட்டும் என்றேன். வந்தது. ஓய்வு வரைக்கும் போகட்டும் என்றேன். அதற்குள் சித்தூரில் ஒரு கல்யாணத்தில் வேறொரு கல்லூரியின் கிளார்க்கைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் எங்கள் சிஸ்டம் மேடம் அவர்களிடம் வேலை கேட்டு வந்ததாகச் சொன்னார். நல்ல வேலைக்காரி, இன்டர்வியூவில் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாராம். அப்புறம் எங்கள் கல்லூரிக்குப் போன் போட்டு விசாரித்தார்களாம். "தானே ஒத்துக்கினாங்களாமே, நான்தான் குடுத்தேன்னு. அப்புறம் எப்படி சார் சேத்துக்கறது?" என்றார். அவர் அப்படிச் சொல்லவில்லையே என்று என் வாயில் வந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். எழுந்து எத்தனை தடவை இப்படிப் போயிருக்கிறேன் பாருங்கள்.

ஓய்வு பெற்ற மறுவாரம் காணிப்பாக்கம் போய்ச் சாமியிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாரம் இறங்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் புரிந்தது. சாமிக்குத் தெரியாததையா சொன்னேன்? தெரியாதவர்கள் ஊரெல்லாம் இருக்க, தெரிந்தவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கே மகளிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "நான் அவங்கள இன்னா இன்னா சொல்லியிருக்கேன் தெரியுமா நைனா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கரஸ்பாண்டென்ட் ஐயாவையும் போய்ப் பார்த்தேன். வயதாகிவிட்டது அவருக்கு. முழுக்கக் கேட்டார். கோபித்துக்கொள்ளவும் இல்லை. பழைய விஷயம், இப்போது எதற்கு, போய் நிம்மதியாக இரு என்றார். எனக்கு நிம்மதி சொன்னாரே தவிர, மேடத்தின் மேலிருந்த பழியை எடுக்க அவர் தயாராக இல்லை என்று வெளியே வந்த பிறகு தோன்றியது.

மேடத்தின் ஊருக்கு இரண்டு தடவை போனேன். வீடு பூட்டியிருந்தது. நைனா தவறிப்போனார், அம்மாவை அழைத்துக்கொண்டு பெங்களூர் பக்கம் போய்விட்டார் என்றார்கள். என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒருவர் துணிக்கடை என்றார். அவர் பழைய நம்பருக்கு இப்போதும் சில காலைகளில் போட்டுப் பார்க்கிறேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று தெலுங்கில் ஒரு குரல் சொல்லும். முழுவதும் கேட்டுவிட்டு வைப்பேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டால் எனக்குத் தலை தானாகத் திரும்புகிறது. ஒரே ஒரு தடவை அவர் எதிரில் உட்கார வேண்டும். மன்னிப்புக் கேட்கக்கூட இல்லை. அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் இனி வேலைக்காக எந்தக் கதவைத் தட்டினாலும் அவருக்கு முன்னால் அந்தக் கதை அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. அதை அனுப்பியது என் மௌனம். அதைவிட வேகமாக இது போக வேண்டும். அதனால் படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். திருப்பதியிலோ சித்தூரிலோ, கல்லூரி என்றும் கம்ப்யூட்டர் என்றும் பேச்சு வரும் எந்த இடத்திலானாலும், இதை எடுத்துச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். அவரைப் பெரிதாக்க எதையும் சேர்க்கவும் வேண்டாம்; அவருக்கு அது தேவையில்லை. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும்போதுதான் அவருடைய வார்த்தை மாறிப்போய் அவர் வாழ்க்கையைக் கெடுத்தது. இந்தத் தடவை மாற்றாமல் சொல்லுங்கள். உறையைப் பிரித்தவன் அட்டெண்டர். பொறுப்பு என்னுடையது என்று சொன்னவர் சிஸ்டம் மேடம். நான்தான் கொடுத்தேன் என்று அவர் சொல்லவே இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், வேன் படியில் ஒரு காலை வைத்தபடி.